மலர், பக்கம் பதினொன்று

வெள்ளிவிழா மலருக்கு
"நம் பகுதி வரலாறு" ஒரு பக்கம்
என் தலையில் விழுந்தது.
தொலைபேசி இலாகாவில் முப்பது வருசம்
பில் பிழை திருத்தியவன்.
உங்களுக்கு எழுத்து வரும் சார் என்றார்கள்.

மற்ற பக்கங்கள் தயார்.
ரத்த தானம் நானூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
கண் சிகிச்சை முகாம் ஒன்பது.
அழகர் இறங்கும் நாளில் நீர்மோர், கணக்கில்லை;
மோரைவிட ஐஸுக்குத்தான் செலவு என்று
பொருளாளர் துளசிராம் இன்னும் வருந்துகிறார்.
தையல் மிஷின் வழங்கிய படத்தில்
மிஷின் தெரிகிறது, தலைவர் தெரிகிறார்,
வாங்கியவளின் ஒரு கை தெரிகிறது.

ஆனையூர் தாண்டி எங்கள் மடைக்கரை நகர்.
பதினான்கு தெரு, எல்லாம் பூப்பெயர்.
மல்லிகைத் தெருவில் சாக்கடைக்கு மூடி கிடையாது.
ரோஜாத் தெரு மட்டும் ஏனோ மேடு,
பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுவார்.

தாலுகா ஆபீசில் மூன்று நாள் அலைந்து
பழைய பதிவேட்டைப் பார்த்தேன்.
மனைக்கு முன் புஞ்சை.
புஞ்சைக்கு முன் தரிசு.
தரிசுக்கு அடியில், பேனாவால் அடித்தும் படிக்க முடிகிற
ஒரு சொல்:
நீர்பிடிப்பு.
பக்கத்தில் சுருக்கொப்பம்.
நல்ல கையெழுத்து, அதைச் சொல்ல வேண்டும்.

மன்ற வாசலில் கீரை விற்கும் ஒச்சம்மாளிடம் கேட்டேன்,
இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு?
"தண்ணி."
அப்புறம்?
"அப்புறம் நீங்க."
சில்லறையைச் சுருக்குப்பையில் போட்டுவிட்டு,
"போன முகாம்ல குடுத்த கண்ணாடில
பஸ்ஸு நம்பர் தெரியுது, கீரை தெரியல.
மாத்தித் தருவீகளா?"

மன்றம் பிறந்த கதை எல்லோருக்கும் மனப்பாடம்.
ஐப்பசி, மூன்று நாள் அடைமழை, இடுப்பளவு தண்ணீர்.
ஞானதிரவியம் தன் டெம்போவில்
புளிசாதப் பொட்டலம் கொண்டுவந்தார்.
அலாவுதீன் டைல்ஸ் மாடியில்
நூறு பேர் படுத்து எழுந்தோம்.
நாலாம் நாள் அதே மாடியில் கூடி
தீர்மான நோட்டில் முதல் வரி எழுதினோம்:
"எதிர்பாராத இவ்வெள்ளத்தில்..."

நான் எழுதிக் கொடுத்தது இது:
கண்மாய்க்குள் வீடு கட்டினோம்.
தண்ணீர் தன் இடத்துக்கு வந்தது.
நாம் அங்கே இருந்தோம்.

கமிட்டியில் வாசித்தேன்.
மின்விசிறி மட்டும் பேசியது.
உண்மைதான், ஆனா அச்சுல வேணாமே,
பொண்ணு கல்யாணத்துக்கு மனையை விக்கணும்,
என்றார் நாகரத்தினம் டீச்சர்.
ஞானதிரவியம் கோபப்படவில்லை.
நெசமாவே கேட்டார்:
"பதினேழு வருசம் வட்டி கட்டுனேனே,
கண்மாய்க்கா கட்டுனேன்?"
மூலை மனைக்காரன் நான்,
டீ ஆறிப்போகும் என்றேன்.

கடைசியில்
"எழில்மிகு நீர்வளம் நிறைந்த பகுதி" என்று
மூன்று வரி.
மீதிப் பக்கம் அலாவுதீன் பாய்க்கு,
வழுக்காத டைல்ஸ், தவணை வசதி உண்டு.

அச்சகத்திலிருந்து திருத்தப் படி வந்தது.
பழக்கதோசம், சிவப்புப் பேனா எடுத்தேன்.
தீர்மான நோட்டின் முதல் வரியை
முகப்பில் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.
"எதிர்பாராத" என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்தேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம்.

துளசிராம் பார்த்தார்.
எதுவும் சொல்லாமல்
பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

விழா அன்று சாயங்காலம்
வடக்கே கறுத்தது.
வரவேற்புரை முடியவில்லை,
ஒருத்தர் எழுந்தார், இன்னொருத்தர் எழுந்தார்,
சாவிக் கொத்துகள் கிலுங்கின.
யாரும் யாருக்கும் சொல்லவில்லை.
பொன்னாடையோடு வெளியே வந்து பார்த்தால்
எழுபது வண்டியும்
ரோஜாத் தெருவில் நின்றன.